கேட்டுப் பார்த்த படங்கள்

சினிமா திண்டுக்கல்லின் தெருக்களில் என்ன செய்தது என்பது ஊரறிந்த கதை. 1973 மே 11 அன்று ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. அடுத்த ஒன்பதாம் நாள், மே 20 அன்று, திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கி ஓராண்டுகூட நிறையவில்லை. மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று ஜெயித்தார். அந்தச் சின்னம் பார்த்த முதல் வெற்றி அது. படம் பார்த்துவிட்டு வந்த கூட்டமும் ஓட்டுப் போடப் போன கூட்டமும் ஒரே கூட்டம் என்று இன்றைக்கும் பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆர்த்தி தியேட்டர் ரோடு, சோலைஹால் ரோடு என்று கொட்டகைகளின் பெயரை வைத்தே வழி சொல்லிப் பழகிய ஊர் இது.

வீட்டுக்குள் சினிமா எப்படி வாழ்ந்தது என்பதைப் பற்றி இவ்வளவு பேச்சு இல்லை. எங்கள் பக்கத்து வீடுகளுக்குச் சினிமா முதலில் காது வழியாகத்தான் வந்தது. வானொலியில் ஒலிச்சித்திரம் என்று வைப்பார்கள். ஒரு முழுப்படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கித் தருவது. சமையல்கட்டில் கை வேலையாக இருக்கும். கதை காதில் ஓடும். சின்னாளபட்டித் தறிவீடுகளில் நாடா ஓடும் சத்தத்துக்கு மேலே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. திருவிழாக் காலத்தில் வேப்பமரத்தில் கட்டிய குழாயிலிருந்து ‘திருவிளையாடல்’ வசனம் ஊர் முழுக்கக் கேட்கும். அந்தப் படத்தைக் கொட்டகையில் பார்த்தறியாத பெண்கள், தருமியும் சிவனும் பேசுவதை ஏற்ற இறக்கம் மாறாமல் சொல்லிக்காட்டுவதை நான் கேட்டிருக்கிறேன். பிறகு ஒலிநாடா வந்தது. எங்கள் ஊர்க்காரரான திண்டுக்கல் ஐ. லியோனி பழைய பாட்டா புதிய பாட்டா என்று நடத்திய பட்டிமன்றங்கள் டீக்கடையிலும் பேருந்திலும் ஓடின. பிறகு கோடைப் பண்பலை 100.5. மலைமேல் இருக்கும் அந்த நிலையத்தின் அலை சமவெளி முழுக்க இறங்கி வந்தது.

பார்ப்பதற்கு வாய்த்தபோதும் கூட்டமாகவே வாய்த்தது. கோடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்த பிறகு, டி.வி. இருந்த ஒன்றிரண்டு வீடுகளின் கூடத்தில் ஞாயிறு மாலை தெருவே உட்கார்ந்திருக்கும். கலியாணம், காதுகுத்து முடிந்த இரவில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி குடிசைக்கும் வந்தது. கூட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குள் போனது அதற்குப் பிறகுதான். இப்போது ஒரே வீட்டுக்குள் அறைக்கு ஒருவராக, கைக்கு ஒரு போனாகக் கலைந்திருக்கிறது.

தமிழ் சினிமா பார்ப்பதைவிடக் கேட்பதற்காக எடுக்கப்பட்டது, நாடக மேடையிலிருந்து வந்த பேச்சு காட்சியை விழுங்கிவிட்டது என்பது சு. தியடோர் பாஸ்கரன் முதலானவர்கள் நெடுங்காலமாக முன்வைக்கும் விமர்சனம். கலை என்ற அளவில் அதை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் அந்தக் குறையே வீட்டுக்கு ஒரு வரமாக அமைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொட்டகையில் இருட்டு இருக்கிறது. கண்ணை வேறெங்கும் விட முடியாது. வீட்டில் அது நடக்காது. குழாயில் தண்ணீர் வந்துவிடும். பால்காரர் வருவார். நிலக்கோட்டை மல்லி மடியில் கிடக்கும். கட்டி முடித்தாக வேண்டும். கண் பாதி, காது பாதி என்றுதான் வீட்டில் படம் நகர்கிறது. அப்படிப் பார்த்தாலும் குலையாத படம் எது?

‘வீட்ல உக்காந்து பாக்குற மாதிரி நல்ல படம் ஒண்ணு சொல்லுங்களேன்’ என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த அளவுகோலை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அம்மா பூக்கட்டிக்கொண்டே பார்ப்பார். அத்தைக்குக் கண்பார்வை மங்கிவிட்டது; நாற்காலியைத் திரைக்கு அருகில் போட்டுக்கொண்டாலும் அவர் கேட்பதுதான் அதிகம். மகளுக்குப் பள்ளிக்கூட வயது. பக்கத்து வீட்டு அக்கா வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கிறார். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து, மத்தியானத்துக்கு மேல் வந்து உட்காருவார். இந்த நாலு பேரும் கடைசிவரை எழுந்து போகாத படம் என் கணக்கில் நல்ல படம். அப்படிப்பட்ட சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

பழையதில் தொடங்குகிறவர்கள் ‘சபாபதி’யில் (1941) தொடங்கலாம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் சேர்ந்து இயக்கியது. பணக்கார வீட்டு அப்பாவிப் பிள்ளையாக டி.ஆர். ராமச்சந்திரன், அதே பெயர்கொண்ட வேலைக்காரனாக காளி என். ரத்னம், தமிழ் வாத்தியாராகக் கே. சாரங்கபாணி. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்துப் படத்துக்கு இன்றைய பள்ளிப் பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கிறது. காரணம் எளிது. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் வேலைக்காரன், அதனால் ஒவ்வொரு தடவையும் தலைகீழாகிப் போகும் காரியம். இந்தச் சிரிப்புக்குக் காலம் கிடையாது. ரத்னத்தின் குரல் ஒன்றே போதும் என்பது அத்தையின் தீர்ப்பு.

பழைய படம் என்றதும் வத்தலக்குண்டை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது. ‘எழுத்து’ பத்திரிகையை 1959-ல் தொடங்கி, இப்படிப்பட்ட கட்டுரைகளுக்கே ஓர் இடம் அமைத்துத் தந்த சி.சு. செல்லப்பாவின் ஊர். அவருக்கு மூத்தவரான பி.எஸ். ராமையாவின் ஊரும் அதுதான். ‘மணிக்கொடி’யை நடத்திய ராமையா, சினிமாவுக்கும் நாடகத்துக்கும் நிறைய எழுதினார் என்பதை இலக்கியக்காரர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் அவருடைய நாடகங்களை மேடையேற்றியது. ‘போலீஸ்காரன் மகள்’ ஸ்ரீதரின் இயக்கத்தில் 1962-ல் படமானது. போலீஸ்காரத் தந்தையாகச் சகஸ்ரநாமமே நடித்தார். கடமையைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு தகப்பன், அவரால் உடைந்துபோகும் பிள்ளைகள். கண்டிப்பான அப்பாவுக்குப் பிறந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். நம் மாவட்டத்துக்காரர் எழுதியது என்பதற்காகச் சொல்லவில்லை, குரல்களுக்காகச் சொல்கிறேன். சகஸ்ரநாமம் கோபத்தை உரக்கக் கத்திக் காட்டாமல் தாழ்த்திப் பேசிக் காட்டுவார்.

இனி ஒட்டன்சத்திரத்துப் பக்கம். சுசீந்திரன் அந்த மண்ணில் பிறந்தவர். ‘வெண்ணிலா கபடிக் குழு’வை (2009) பழனி சாலையில் இருக்கும் கணக்கன்பட்டியை வைத்து எடுத்தார். அவருடைய அப்பா கபடி ஆடியவர். அந்தப் படத்தில் வரும் வெயில் எங்கள் வெயில். அதில் வரும் பேச்சு எங்கள் பேச்சு. வசனம் எழுதிய பாஸ்கர் சக்தி தேனிப் பக்கத்துக்காரர் என்பதால் அந்தப் பேச்சில் பொய் இல்லை. எப்போதும் தோற்கிற ஒரு கிராமத்துக் குழு, தவறுதலாகப் பெரிய போட்டி ஒன்றுக்குள் நுழைந்துவிடுகிறது. ஜெயிப்பதும் தோற்பதும் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பையன்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே தூக்கிவிடுவது எனக்குப் பிடித்தது. சூரி புரோட்டா தின்கிற காட்சியை உலகமே பார்த்துவிட்டது. பந்தயத்தில் கணக்கு தகராறாகிவிட, முதலிலிருந்து எண்ணச் சொல்கிற அந்த முகத்தைத் திண்டுக்கல் புரோட்டாக் கடைகளில் நேரிலேயே பார்க்கலாம். அதைவிட நான் சுட்டிக்காட்ட விரும்புவது, சாதி அந்த ஆட்டக்களத்துக்குள் நுழையும் இடங்கள். சத்தமில்லாமல், அன்றாடத்தில் நுழைவது போலவே நுழைகிறது. முடிவு மனதைப் பிசையும். சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள் அதை முன்கூட்டித் தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

அதே சுசீந்திரன் இரண்டு வருடம் கழித்து எடுத்த ‘அழகர்சாமியின் குதிரை’ இன்னும் மேலான படம். பாஸ்கர் சக்தியின் கதை, இளையராஜாவின் இசை. அழகர் திருவிழாவுக்கு முன் கோயிலின் மரக்குதிரை காணாமல் போகிறது. எங்கிருந்தோ ஒரு நிஜக் குதிரை ஊருக்குள் வருகிறது. ஊர் அதைச் சாமியாக்கிவிடுகிறது. குதிரைக்குச் சொந்தக்காரன் தேடி வருகிறான். குதிரை இல்லையென்றால் அவனுக்குக் கலியாணம் இல்லை. கதாநாயகன் அப்புக்குட்டி. குள்ளமான, கருத்த, பூசின உடம்புக்காரர் ஒருவர் காதலிக்கிறார், அழுகிறார், குதிரையோடு பேசுகிறார். படம் அவரைப் பார்த்து ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அவருக்குத் துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. கதையின் நாயகனுக்குத் துணை நடிகர் விருதா என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. படத்துக்கும் நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. நம்பிக்கையையும் மூடநம்பிக்கையையும் ஒரே ஊருக்குள் வைத்து, யாரையும் இழிவுபடுத்தாமல் கதை சொல்வது கடினம். இந்தப் படம் அதைச் செய்திருக்கிறது. விரதம் இருக்கிற அம்மாவும் சாமி இல்லை என்கிற மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இந்த மாவட்டத்தின் சமவெளியை மிக நன்றாகப் படம் பிடித்தவர் ஒரு மலையாளி. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ 2023 ஜனவரியில் திரைக்கு வந்தது, அடுத்த மாதமே நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. எஸ். ஹரீஷ் எழுதியது. பழனியை ஒட்டிய மஞ்சநாயக்கன்பட்டியில் படமாக்கினார்கள். வேளாங்கண்ணி போய்விட்டுத் திரும்பும் ஒரு மலையாளி நாடகக் கூட்டம். அதை அழைத்துக்கொண்டு போகிறவர் ஜேம்ஸ், மம்மூட்டி. சிடுசிடுப்பானவர், கைச்செலவில் கெட்டி, தமிழின் மேல் பெரிய ஒட்டுதல் இல்லாதவர். மத்தியானச் சாப்பாடு முடிந்து வண்டியில் எல்லோரும் உறங்கிப்போகிறார்கள். ஜேம்ஸ் திடீரென்று விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக்காட்டுக்குள் நடந்து ஒரு கிராமத்துக்குள் போகிறார். ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார். கைலியைக் கட்டிக்கொள்கிறார். தமிழ் பேசுகிறார், அந்த ஊர்க்காரர்கள் பேசும் தமிழ். அந்த வீட்டு சுந்தரம் இரண்டு வருடத்துக்கு முன் போனவன், திரும்பவில்லை. ஜேம்ஸ் இப்போது சுந்தரம்.

தேனி ஈஸ்வரின் கேமரா இந்தப் படத்தில் பெரும்பாலும் அசைவதில்லை. திண்ணை, சந்து, ஓட்டுக்கூரை, வெயிலில் காய்ந்து கிடக்கும் தெரு என்று நிறுத்திவைத்துவிட்டு, மனிதர்கள் வந்து போகக் காத்திருக்கிறது. நம் கிராமத்து நண்பகலின் வெறுமையை இவ்வளவு பொறுமையாக யாரும் பார்த்ததில்லை. ஆனால் காது சும்மா இருப்பதில்லை. படத்துக்கென்று தனியாகப் பின்னணி இசை போடவில்லை. வீடு வீடாக ஓடும் தொலைக்காட்சியிலிருந்தும் ரேடியோவிலிருந்தும் பழைய தமிழ்ப் பாட்டும் பழைய பட வசனமும் தெருவில் வழிகின்றன. ஜேம்ஸ் நடக்க நடக்க ஒரு வீட்டின் பாட்டு தேய்ந்து அடுத்த வீட்டின் வசனம் ஏறுகிறது. சில இடங்களில் எங்கோ ஓடும் ஒரு படத்தின் வசனம், இங்கே தவித்து நிற்கிற மனிதனுக்குப் பதில் சொல்வதுபோல விழுகிறது. சாராயம் குடிக்கிற இடத்தில் மம்மூட்டியே பழைய பட வசனம் ஒன்றைப் பேசி நடித்துக் காட்டுகிறார். காட்சியை விழுங்கிய பேச்சு என்று குறைசொல்லப்பட்ட அத்தனை தமிழ் சினிமாவும் இங்கே காற்றில் கலந்து ஊரின் நினைவாகிவிட்டது. தமிழ் வீடுகள் சினிமாவோடு எப்படி வாழ்கின்றன என்பதை இவ்வளவு துல்லியமாகக் கேட்டவர் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தார் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை, நன்றிதான் இருக்கிறது.

அந்த வீட்டில் சுந்தரத்தின் தாய்க்குக் கண் தெரியாது. தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஊரே குழம்பி நிற்கையில் அவருக்கு மட்டும் குழப்பமில்லை, மகன் வந்துவிட்டான். எங்கள் அத்தை இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலும் அந்த நேரம் ஏதோ பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ‘இது படத்துல பாடுதா, அவுக வீட்ல பாடுதா’ என்று கேட்டார். ‘ரெண்டுலயும்’ என்றேன். சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னார்.

இந்தப் படத்தைப் பற்றி ஏராளமாக எழுதினார்கள். கனவா, ஆவியா, முற்பிறவியா, நாடகக் கூட்டத்தின் கற்பனையா என்றெல்லாம் அலசினார்கள். உறக்கத்தைச் சாவோடும் விழிப்பைப் பிறப்போடும் வைத்துப் பேசும் குறள் படத்தில் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு தத்துவமும் பேசினார்கள். மம்மூட்டிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருதும் படத்துக்குச் சிறந்த படத்துக்கான விருதும் கிடைத்தன. அம்மா பேசியது வேறு. ரம்யா பாண்டியன் நடித்த பூங்குழலி, கணவன் போனபின் அந்த வீட்டிலேயே இருக்கும் பெண், படத்தில் அதிகம் பேசுவதில்லை. உள்ளே நின்று பார்க்கிறாள். அம்மா பூவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: ‘ரெண்டு வருசம் கழிச்சுப் புருசன் பேச்சு கேக்குது, புருசன் நடை தெரியுது. மூஞ்சி மட்டும் வேற. உள்ள வான்னு சொல்லவும் முடியாது, போன்னு சொல்லவும் வாய் வராது. அந்தப் புள்ள பாடுதான் பாடு.’ நான் வாசித்த எந்த விமர்சனமும் பூங்குழலியிடமிருந்து தொடங்கவில்லை. அதற்குப் பிறகு இந்தப் படத்தை நான் பார்த்தபோதெல்லாம் மம்மூட்டியை விட்டுவிட்டு வாசற்படிக்கு உட்புறத்தைத்தான் பார்த்தேன். அங்கே இன்னொரு முழுப்படம் ஓடுகிறது.

அந்தக் கிராமத்தார் நடந்துகொள்ளும் விதத்தையும் சொல்ல வேண்டும். யாரோ ஒருவன் வந்து ஒருவரின் வீட்டுக்குள் உரிமையாக நடமாடுகிறான். அவனைக் கட்டிவைத்து அடிப்பதற்குப் பதில் ஊர் திகைக்கிறது, கோபப்படுகிறது, பின் பொறுத்துக்கொள்கிறது. வண்டிக் கூட்டத்துக்கும் ராத்தங்க இடம் கிடைக்கிறது. சுந்தரத்தின் அப்பாவாக நடித்த பூ ராமு, படம் வெளியாவதற்கு முன்பே 2022-ல் காலமானார். அவருடைய முகத்தில் மகன் திரும்பிய சந்தோஷமும் இது மகன் இல்லை என்ற அறிவும் ஒருசேர நிற்கும். அந்த ஒரு முகத்துக்காகவே இந்தப் படத்தை எல்லா வீடுகளுக்கும் பரிந்துரைப்பேன். முதல் அரைமணி மெதுவாகப் போகும். பொறுத்திருங்கள்.

பெரியவர்களை வைத்துக்கொண்டு ‘கே.டி (எ) கருப்புதுரை’யைப் (2019) பார்க்கலாமா என்று எனக்குத் தயக்கம் இருந்தது. மதுமிதா இயக்கியது. படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெரியவர் கண் விழிக்கிறார். பிள்ளைகள் தன்னைத் தலைக்கூத்தலுக்கு உட்படுத்தப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டு வீட்டை விட்டு ஓடுகிறார். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முதியவர்களை முடித்துவைக்கும் அந்த வழக்கம் தென்மாவட்டங்களில் எல்லோரும் கேள்விப்பட்டது. யாரும் உரக்கப் பேசாதது. ஓடுகிறவர் ஒரு சிறுவனோடு சேர்ந்து தன் ஆசைகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொள்கிறார். பிரியாணி அவற்றில் முக்கியமானது. திண்டுக்கல்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மதுரையில் நிஜ நாடக இயக்கத்தை நடத்திய மு. ராமசாமி பெரியவராகவும், நாக விஷால் சிறுவனாகவும் நடித்தார்கள். நாக விஷாலுக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. படம் ஓடியபோது அத்தையும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுவயதுக்காரர்களான எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. யாரோடு உட்கார்ந்து பார்க்கிறோம் என்பது ஒரு படத்தை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

மணிகண்டனின் ‘ஆண்டவன் கட்டளை’யை (2016) வெளிநாடு போக ஆள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாகப் போட வேண்டும். பாஸ்போர்ட்டில் இல்லாத மனைவியின் பெயரை எழுதி மாட்டிக்கொள்ளும் ஒருவனின் கதை. ஒரு பொய்யை மறைக்க எத்தனை மேசை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதை யாரையும் வில்லனாக்காமல் சொல்கிறது. மில் அக்கா இரண்டாம் முறையும் பார்த்தார்.

ஊரின் பெயரையே தலைப்பில் தாங்கிய ‘திண்டுக்கல் சாரதி’ (2008) சீனிவாசனின் ‘வடக்குநோக்கியந்திர’த்தின் (1989) மறுஆக்கம். மூலத்தையே பாருங்கள் என்பேன். தன் நிறத்தையும் உயரத்தையும் நினைத்துக் குமைந்து, அன்பான மனைவியைச் சந்தேகப்பட்டே அழியும் மனிதனை, எழுதி இயக்கி நடித்திருக்கிறார் சீனிவாசன். நகைச்சுவைக்கு அடியில் இருக்கும் பயம் மூலத்தில்தான் முழுதாகத் தெரியும். அவர் எழுதிய ‘சந்தேசம்’ (1991) இன்னொன்று. சத்யன் அந்திக்காடு இயக்கியது. ரயில்வேயில் ஓய்வுபெற்று நிம்மதியாக இருக்கலாம் என்று வீடு திரும்பும் தகப்பன். எதிரெதிர்க் கட்சிகளில் இருந்துகொண்டு சாப்பாட்டு மேசையில் சண்டையிடும் இரண்டு மகன்கள். எங்கள் தொகுதியில் இந்தக் குடும்பம் தெருவுக்கு இரண்டு உண்டு. தேர்தல் சமயத்தில் பார்த்தால் இன்னும் நல்லது.

மலையாளம் என்றால் காது பாதி பிடித்துக்கொள்கிறது. வேறு மொழி என்றால் வீட்டுக்கு ஒரு கதைசொல்லி தேவைப்படுகிறார். மஜீத் மஜீதியின் ஈரானியப் படமான ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடியது. தங்கையின் செருப்பைத் தொலைத்துவிட்ட அண்ணன். ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடும் இருவர். மகள் அடியில் வரும் எழுத்தைப் படித்து அத்தை காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மௌனப்பட காலத்தில் கொட்டகையில் ஆள் நின்று கதை சொல்வார்களாம். அந்த வேலையை அவள் யாரும் சொல்லித்தராமலே செய்தாள். பாதிக்கு மேல் அத்தை அவளை நிறுத்தச் சொன்னார். அந்தப் பிள்ளைகள் ஓடுகிற சத்தமும் மூச்சு வாங்குகிற சத்தமுமே போதும் என்றார். இதே கதை தமிழில் ‘அக்கா குருவி’யாக வந்தது. முதலில் ஈரானியப் படத்தைப் பாருங்கள். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பெரியவர்கள் கேட்கும்படி பாருங்கள்.

பரிந்துரைக்காமல் விட்டவை நிறைய. இடி முழக்கமாக ஓடும் பெரிய நாயகர்களின் படங்களை வீட்டில் போட்டால் சுவர்தான் அதிர்கிறது. அவற்றுக்குக் கொட்டகை வேண்டும். ஆர்த்தி தியேட்டர் ரோட்டில் முதல்நாள் காட்சிக்கு நிற்கும் கூட்டமும் வேண்டும். வெட்டும் குத்துமாக ஓடுபவை அம்மாவை எழுந்து போகச் செய்துவிடும். எழுந்து போனவரை விட்டுவிட்டு நாம் மட்டும் ரசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிறுபத்திரிகைகளில் அறுபது வருடத்துக்கும் மேலாகச் சினிமாவைப் பற்றி எழுதிவருகிறோம். இயக்குநரைப் பற்றி, கேமராவைப் பற்றி, அரசியலைப் பற்றி நல்ல கட்டுரைகள் உண்டு. பூக்கட்டிக்கொண்டே படம் பார்க்கும் ஒரு பெண் என்ன சொன்னார் என்பது அவற்றில் இல்லை. அதனால் ஒரு வேண்டுகோள். மேலே சொன்னவற்றில் ஏதாவது ஒன்றை, முடிந்தால் ‘நண்பகல் நேரத்து மயக்க’த்தை, வீட்டில் மூத்தவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். முடிந்ததும் அவர்கள் என்ன சொல்கிறார்களோ, அதை அவர்கள் பேச்சிலேயே எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.